ஜெனரேட்டரில் திணித்த சாக்கு

கடலூரில் கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் ஏ.சி. கேரவன் ஓட்டுகிறேன். புவனகிரியில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் உள்ளே உட்கார்ந்து அலங்காரம் செய்துகொள்ள என் வண்டி. மாப்பிள்ளைக்கு என் மனைவியின் தம்பி செல்வத்தின் புது வண்டி. அவன் ஜெனரேட்டர் ஓடுவதே தெரியாது. என்னுடையது கத்தும்.

"மாமா, வண்டியில நெல்லு அரைக்கிறியா?" என்று எல்லோர் முன்பும் கேட்டான். கூச்சத்தில் சிரித்துவைத்தேன். வயிறு எரிந்தது.

ஓடிக்கொண்டிருக்கும்போதே பெட்ரோல் ஊற்றிவிட்டு, சத்தத்தை அடக்க ஜெனரேட்டரைச் சுற்றிச் சாக்குகளைத் திணித்தேன். புகைக்குழாயும் அடைபட்டதைக் கவனிக்கவில்லை. சத்தம் குறைந்ததும் அவனைப் பெருமையாகப் பார்த்தேன்.

சற்று நேரத்தில், உள்ளே அலங்காரத்தில் இருந்த பெண் மயங்கிவிட்டாள். சாப்பிடாத மயக்கம் என்றார்கள். செல்வம்தான் சாக்கைப் பார்த்தான்.

"பொகை உள்ள ஏறுது! பொண்ண வெளிய தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே ஜெனரேட்டரை நிறுத்தினான்.

ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். அவள் அப்பா செல்வத்தின் கையைப் பிடித்து அழுதார். அப்போதும் எனக்குப் பொறாமைதான் வந்தது. அதை ஒப்புக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இப்போது ஜெனரேட்டரை நிறுத்தி, சூடு ஆறிய பிறகே பெட்ரோல் ஊற்றுகிறேன். புகைக்குழாய்ப் பக்கம் துணிகூட வைப்பதில்லை. "சத்தம் ஜாஸ்தியா இருக்கே" என்று யாராவது சொன்னால், "ஆமாங்க, பழைய வண்டி, கத்தும்" என்று எத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.