ரோடு ரோலர் அடித்த காற்று

ஏழாம் விதி இப்படிச் சொல்கிறது: ‘விழா நாளன்று, சங்க உறுப்பினர் மூவர் முன்னிலையில், தன் சொந்த நீராவியால் வேலை செய்து காட்டிய எஞ்சினுக்குக் கொட்டகையில் இடம் தரப்படும்.’ பரிசீலிக்கப்படும் என்று அதில் இல்லை. அரசு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டுக்கும் நடுவே எத்தனை பேருடைய பதவி உயர்வு புதைந்து கிடக்கிறது என்று எனக்குத் தெரியும்.

சங்கம் என்பது நீராவி எஞ்சின் பிரியர்களின் சங்கம். திருவொற்றியூரில், மூடிப்போன ஒரு தொழிற்சாலையின் மைதானத்தில், ஆண்டுக்கு ஒருமுறை பழைய எஞ்சின்களைக் கொண்டுவந்து, கரி போட்டு, புகை விட்டு, விசில் அடித்து மகிழ்வார்கள். மைதானத்தின் ஓரத்தில் அவர்களுக்கு ஒரு நிரந்தரக் கொட்டகை உண்டு. அதில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது.

அந்த இடம் வேண்டியிருந்தது ராயபுரத்து அண்ணனுக்கு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பழைய இரும்போடு போக இருந்த ஒரு நீராவி ரோடு ரோலரை வாங்கி, ஓய்வூதியத்தையும் மனைவியின் பொறுமையையும் அதில் கொட்டி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். அதை நிறுத்தியிருந்தது காலடிப்பேட்டையில் ஒரு வாடகை மனையில். மனைக்காரர் அடுக்குமாடி கட்டப் போகிறார். கொட்டகையில் இடம் கிடைக்காவிட்டால் ரோலரைத் துண்டு துண்டாக வெட்டி எடைக்குப் போடுவதைத் தவிர வழியில்லை. கேஸ் கட்டர்காரர் ஒருமுறை வந்து அளவும் எடுத்துப் போயிருந்தார்.

எனக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்றால், பாய்லர் சான்றிதழுக்கான விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்தவள் நான். நான் அந்தச் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. என் சங்கம் வேறு. எங்களுடையது ஜீப் கூட்டம். சாலை இருக்கும் இடத்தில் யார் வேண்டுமானாலும் ஓட்டலாம், இல்லாத இடத்தில் ஓட்டுவதுதான் ஓட்டுவது என்று நம்புகிறவர்கள். என் ஜீப், என் அலுவலகத்தில் கழிவு செய்யப்பட்டது. கோப்பில் கையெழுத்துப் போட்டவளும் நான், ஓய்வு பெற்ற பிறகு பொது ஏலத்தில் எடுத்தவளும் நான். இரண்டுக்கும் நடுவே விதிப்படியான இடைவெளி இருந்தது. சந்தேகம் இருப்பவர்கள் மனுப் போட்டுக் கேட்டுக்கொள்ளலாம்.

விழா ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. விடிந்ததும், விழாவுக்குப் போகும் முன், நாங்கள் பதினொரு ஜீப்பில் எண்ணூருக்கு வடக்கே கடற்கரை மணலுக்குப் போனோம். மணலில் இறங்கும் முன் டயர்களில் பாதிக்கு மேல் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் அகன்று, புதையாமல் ஓடும். திரும்பித் தார்ச்சாலைக்கு வந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். எங்கள் கூட்டத்துக்கு எழுதி வைக்காத ஒரே விதி உண்டு: கடைசி வண்டிக்குக் காற்று அடித்து முடியும்வரை முதல் வண்டி கிளம்பக் கூடாது. என் பணிக்காலத்தில், எழுதி முத்திரை குத்திய எந்த விதியும் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டு நான் பார்த்ததில்லை.

அன்று எங்கள் கையடக்க கம்ப்ரசர் முதல் டயரிலேயே புகைந்து உயிரை விட்டது. எம்.கே.பி. நகரில் பஞ்சர் கடை வைத்திருக்கும் எங்கள் மெக்கானிக் தலையில் கை வைத்தான்.

“இன்னா மாமு, காலைலயே பேஜாரு பண்ணிட்ட?” என்றார் ஒருவர்.

“அட இரு நைனா. கடைல பெரிசு ஒண்ணு கீது. குட்டியானை வண்டில ஏத்தி கிரவுண்டுக்கே இட்டாரச் சொல்றேன். நீங்க அப்டியே மெதுவா உருட்டிகினு வாங்க.”

சப்பை டயர்களோடு ஊர்ந்து ஊர்ந்து மைதானத்துக்கு வந்து சேர்ந்தோம். வாசலில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். பதினொரு வண்டிக்கும் ஒரே நேரத்தில் பஞ்சர் ஆவது எப்படி என்று ஒருவர் மரியாதையாகவே கேட்டார்.

உள்ளே அண்ணன் ரோலரின் பக்கத்தில் நின்றிருந்தார். பாய்லரில் நீராவி ஏறியிருந்தது, பித்தளையெல்லாம் மின்னியது, அவர் முகம் மட்டும் கறுத்திருந்தது.

“நகரக் கூடாதாம்மா” என்றார். “கீழ எண்ணெய்க் கொழா போவுதாம். நேத்து சாயங்காலம் தாக்கல் வந்துதாம். இம்மாம் வெயிட்டு மேல உருண்டா ஒடஞ்சுடுமாம். இந்த சிமெண்டு மேல நின்னு புகை உட்டுக்கினா போதும்னுட்டாரு.”

‘போதும்னுட்டாரு’ என்றது சங்கத்தின் செயலாளரை. வெள்ளைத் தொப்பி வைத்த, நல்ல மனிதர். நான் போய்க் கேட்டேன்.

“பாதுகாப்பு விஷயம் மேடம், என் கையில இல்ல” என்றார். “ஆனா ஏழாம் விதிப்படி வேலை செஞ்சு காட்டணும். ரோலர்னா உருளணும். நின்ன இடத்துல புகை விடறத வேலைன்னு எப்படி எழுதறது?”

“மத்த வண்டிங்க?”

“அதெல்லாம் சின்னது. ஓடலாம்.”

குழாய் விஷயத்தில் அவர் சொன்னது சரி. அதை எதிர்த்து வாதாடினால் நான் பார்த்த உத்தியோகத்துக்கே துரோகம் செய்தவள் ஆவேன். ஆனால் விதியில் உருள வேண்டும் என்று எங்கே இருக்கிறது? யோசித்துக்கொண்டே திரும்பியபோது மெக்கானிக்கின் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. கம்ப்ரசர் வந்துவிட்டது. மின்சாரம்தான் வரவில்லை. அங்கே இருந்த ஜெனரேட்டர் மைக் செட்டுக்கே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

“கரண்டு இல்லாம இத்த இன்னா பண்றது, ஊதுபத்தி ஏத்திக் கும்பிடறதா?”

நான் கம்ப்ரசரைப் பார்த்தேன். பழங்காலத்துச் சாமான். பக்கவாட்டில் அகலமான சக்கரம், மோட்டாரில் இருந்து அதைச் சுற்ற ஒரு குட்டைப் பெல்ட். திரும்பி ரோலரைப் பார்த்தேன். அதன் பக்கவாட்டிலும் ஒரு ஃப்ளைவீல், ஆள் மார்பு உயரத்துக்கு.

“அண்ணே, கியரைக் கழட்டிட்டா வண்டி நகராம இந்தச் சக்கரம் மட்டும் சுத்துமா?”

“சுத்தும்மா. கல்லு ஒடைக்கிற மிசினெல்லாம் அந்தக் காலத்துல இத்த வெச்சுத்தான்…” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தி, கம்ப்ரசரைப் பார்த்து, என்னைப் பார்த்தார். “மாதாவே” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததில் எனக்கு அதிகப் பங்கில்லை. கூட்டத்தில் ஒருவர் அனல்மின் நிலையத்தில் கரி ஏற்றும் கன்வேயரில் வேலை பார்ப்பவர். அவர் ஜீப்பின் தரையில் விரிப்பாகக் கிடந்தது ஏலத்தில் வாங்கிய கன்வேயர் பெல்ட். அதை நீளவாக்கில் கிழித்து, முனைகளைத் துளையிட்டுக் கம்பியால் தைத்தார்கள். இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். ரோலர் நகரக் கூடாது என்பதால் கம்ப்ரசர்தான் நகர்ந்தது. எட்டுப் பேர் அதை இழுத்தார்கள்.

“லெப்ட்ல தள்ளு… தள்ளு… த்தோ, போதும்டா, கடலுக்கே இஸ்துகினு பூடுவ போல!”

முதல் தடவை பெல்ட் கழன்று ஒருவரின் டீயைத் தட்டிவிட்டது. இரண்டாம் தடவை வழுக்கியது. மெக்கானிக் கல்லை அண்டக் கொடுத்துக் கம்ப்ரசரைப் பின்னுக்கு இறுக்கினான். சக்கரத்துக்குப் பக்கத்தில் யாரும் வராதபடி எங்கள் இழுவைக் கயிற்றைச் சுற்றிலும் கட்ட வைத்தேன். அது என் வேலை. மூன்றாம் தடவை அண்ணன் நீராவியைத் திறந்தபோது பெல்ட் ஒரு துடிப்புத் துடித்து, உட்கார்ந்து, ஓடியது. கம்ப்ரசர் தடதடக்க, அதன் அழுத்தமானியில் படுத்துக் கிடந்த முள் மெல்ல எழுந்தது.

முதல் வண்டி என்னுடையது. டயர் விம்மி எழுவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே மெக்கானிக் சொன்னான்:

“ரோடு போட்ற வண்டி, ரோடே வாணாம்னு சுத்தறவனுக்குக் காத்து அட்சுகினு கீதும்மா!”

பதினொரு ஜீப், நாற்பத்து நான்கு டயர். விசில் அடித்துக்கொண்டு ஓடிய சின்ன எஞ்சின்களை விட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் எங்களைச் சுற்றி நின்றது. கடைசியில் ஒரு ஐஸ் வண்டிக்காரரும் தன் சைக்கிளை வரிசையில் நிறுத்தினார். அவருக்கும் அடித்தோம். அண்ணன் லீவரில் கை வைத்தபடி நிமிர்ந்து நின்றார். துறைமுகத்தில் கப்பல் வயிற்றில் இருந்து சரக்கைத் தூக்கிய நாட்களில் அவர் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும். வடசென்னைக்காரர்களைச் சினிமாவில் வேறு விதமாகக் காட்டுவார்கள். அன்று அந்த மைதானத்தில் இருந்தவர்கள் யாரும் இனி அதை நம்ப மாட்டார்கள்.

செயலாளரிடம் போனேன். “சொந்த நீராவி. வேலை. மூவர் முன்னிலை. நீங்க ஒருத்தர், பொருளாளர் ஒருத்தர், சின்ன எஞ்சின்ல விசில் அடிச்ச உங்க உறுப்பினர் ஒருத்தர்.”

“மேடம், விதியோட நோக்கத்தையும் பாக்கணும் இல்லையா?”

நோக்கம் என்று ஒருவர் பேச ஆரம்பித்தால் எழுத்து அவர் பக்கம் இல்லை என்று பொருள். ஒரு வெள்ளைத் தாளில் நடந்ததை நான்கு வரியில் எழுதி நீட்டினேன். மற்ற இருவர் உடனே கையெழுத்துப் போட்டார்கள். அவர் தொப்பியைக் கழற்றி, சற்று நேரம் ரோலரைப் பார்த்துவிட்டு, தானும் போட்டார். பிறகு, “செயற்குழுவுல வெச்சு பதில் அனுப்பறோம்” என்றார்.

மழைக்காலம் வந்தது. செயற்குழு கூடவில்லை. கூடியபோது போதிய உறுப்பினர்கள் வராமல் கோரம் இல்லை. நான் மாதம் ஒரு நினைவூட்டுக் கடிதம் அனுப்பினேன், ஏழாம் விதியை முழுமையாக எடுத்தெழுதி. காலடிப்பேட்டை மனையில் மண் பரிசோதனைக்குக் குழி தோண்டினார்கள். எங்கள் கூட்டம் ஞாயிறுதோறும் மணலுக்குப் போகும் வழியில் நின்று ரோலரின் தார்ப்பாயை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனது. மனைக்காரர் பொங்கல் விடுமுறை முடியும் வரைக்கும்தான் என்று கடைசியாகச் சொல்லிவிட்டார். கட்டர்காரர் இரண்டாம் முறை வந்து போனார்.

ஒரு நாள் காலை அண்ணன் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

“லெட்டர் வந்துட்ச்சும்மா. ‘ஏழாம் விதியின்படி இடம் தரப்படுகிறது’ன்னு போட்டுகீது. பெரிய கையெழுத்து கீழ கீது.”

“‘தரப்படுகிறது’தானே? நல்லாப் பாத்துச் சொல்லுங்க.”

“அதாம்மா. மெக்கானிக்கு தம்பி டிரெய்லர் எடுத்துகினு கெளம்பிட்டான். மத்த பத்து வண்டியும் பின்னால வருதாம்.”

“வரட்டும். அதுக்கு முன்னால லெட்டரோட மேல் ஓரத்துல, கிடைச்ச தேதிய எழுதி, கையெழுத்துப் போடுங்க. அதான் முறை.”

அவர் பேனாவைத் தேடுவதும், யாரையோ தேதி கேட்பதும், வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவதும் எனக்குக் கேட்டது: தை மாதம், மாட்டுப் பொங்கல் கழிந்த திங்கட்கிழமை.