தம்பிக்கு நான் செய்து கொடுத்த அம்மா

என் தம்பிக்கு ஓர் அம்மாவைச் செய்து கொடுத்தவள் நான். பெற்றவள் ஒருத்தி இருந்தாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவள் டச்சுக்காரர்கள் தேசத்தில் இருந்தாள், நாங்கள் சதுரங்கப்பட்டினத்தில் இருந்தோம். இடையில் மூன்று வருஷம் அந்த வேலையை யாராவது பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் எல்லாருக்கும் வேறு வேலை இருந்ததால் அது என் தலையில் விழுந்தது.

அப்பா வேன் டிரைவர். மகாபலிபுரத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றிக் காட்டுவார். தம்பி வயிற்றில் இருந்தபோது கோவளத்துக்குப் பக்கத்தில் அந்த வேன் ஒரு லாரியில் மோதியது. அப்பா போய்விட்டார். தம்பி பிறந்து சில மாதத்தில் அம்மா மகாபலிபுரத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸுக்குச் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். அங்கேதான் கல் செதுக்கப் பழக வந்த ஒரு டச்சுக்காரர் தங்கியிருந்தார். மாதக்கணக்கில் உளி பிடித்து அவர் ஒரு யானை செய்தார். பார்த்தவர்களெல்லாம் பன்றி நன்றாக வந்திருக்கிறது என்று பாராட்டினார்களாம். அம்மா ஒருத்திதான் அதை யானை என்றாள். கல்யாணம் நடந்ததே அதனால்தான் என்பது என் மாமாவின் கட்சி.

ஊர் சும்மா இருக்குமா? எங்கள் ஊரில் டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. "அன்னிக்கு வந்தவனுங்க கோட்டைய வுட்டுட்டுப் போனானுங்க, இன்னிக்கு வந்தவன் பொண்ண இட்டுகினு போறான்" என்று டீக்கடையில் ஒரே சிரிப்பு. அம்மா காதில் வாங்கிக்கொள்ளவில்லை. அவளுடைய கவலை வேறு. முதலில் அவள் மட்டும்தான் போக முடியும். அங்கே நிரந்தர வேலை, எல்லாருக்கும் போதுமான வீடு என்று எல்லாம் காட்டிய பிறகுதான் முதல் புருஷனுக்குப் பிறந்த எங்களைக் கூப்பிட்டுக்கொள்ளலாமாம். ஆறே மாதம் என்றார்கள். அந்த ஆறு மாதம் மூன்று வருஷமாக வளர்ந்தது.

கிளம்பின அன்று அம்மா என்னை மட்டும் கிணற்றடிக்குக் கூட்டிப்போனாள். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு இரண்டு. "உனக்கு என் நெனப்பு இருக்கும். அவனுக்கு இருக்காது. அவன் என்ன மறந்துடாம பாத்துக்கடி" என்றாள். நான் பெரிதாகத் தலையாட்டினேன். ஏழு வயதில் எதற்குத்தான் தலையாட்ட மாட்டோம்!

நாங்கள் மாமா வீட்டிலேயே வளர்ந்தோம். மாமா செங்கல்பட்டுக்கும் புதுப்பட்டினத்துக்கும் ஓடும் ஒரு தனியார் பஸ்ஸில் கண்டக்டர். அவருக்கும் அத்தைக்கும் பிள்ளை கிடையாது. அத்தை தம்பியை இடுப்பை விட்டு இறக்கவே மாட்டாள். நான்தான் அவன் தூங்கப்போகும் நேரத்தில் பக்கத்தில் படுத்துக்கொண்டு அம்மா புராணத்தை ஆரம்பிப்பேன். போட்டோ இல்லையா என்று கேட்பீர்கள். அங்கேயிருந்து ஒன்று வந்தது. பனியில் நிற்கும் அம்மா, தடித்த கோட்டு, காதை மூடிய குல்லா, கழுத்தைச் சுற்றித் துண்டு. வெளியே தெரிந்தது மூக்கு மட்டும். தம்பி அதை நன்றாகப் பார்த்துவிட்டு "இந்த ஆளு யாரு?" என்று கேட்டான். அதற்குப் பிறகு நான் போட்டோவை நம்பவில்லை.

ஆரம்பத்தில் உள்ளதைத்தான் சொன்னேன். அம்மா சுறாப்புட்டு நன்றாகச் செய்வாள், அம்மாவுக்கு நாயென்றால் பயம். ஆனால் ஒரு வருஷம் போனதும் கையிருப்பு தீர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் நானே மறந்துகொண்டிருந்தேன். ராத்திரி கண்ணை மூடிக்கொண்டு அம்மா முகத்தைக் கூப்பிட்டால் அந்தக் குல்லா போட்ட மூக்குதான் வந்து நிற்கும். அழுகையாக வரும். தம்பியோ "அப்புறம்? அப்புறம்?" என்று விட மாட்டான். வேறென்ன செய்வது? டீச்சருடைய முட்டிவரை தொங்கும் ஜடையை எடுத்து அம்மாவுக்கு வைத்தேன். பக்கத்து வீட்டு அக்காவின் சிரிப்பைக் கொடுத்தேன். மாமா இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தால் ஓடுகிற பஸ் நிற்கும், அந்த விசிலையும் அம்மாவுக்கே கொடுத்தேன். அம்மா விசிலடித்தால் பஸ் என்ன, படகே கரைக்குத் திரும்பிவிடும் என்றேன். தம்பி வாயைப் பிளந்துகொண்டு கேட்பான். இதிலெல்லாம் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது. அவன் மறக்கக் கூடாது என்றாள் அம்மா, அவன் மறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் புதுப்பட்டினத்து எஸ்.டி.டி. பூத்துக்கு அம்மாவின் போன் வரும். தம்பி பேச மாட்டான். ரிசீவரைக் காதில் வைத்ததும் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு சிலை மாதிரி நிற்பான். மூச்சு மட்டும் புஸ் புஸ்ஸென்று போகும். முதல் தடவை நான் பிடுங்கப் போனபோது ரிசீவருக்குள்ளேயிருந்து அம்மா கத்தினாள், "புடுங்காதடி! அவன் மூச்சு வுடறது கேக்குது. அப்டியே வுடு." அதன்பின் ஒவ்வொரு வாரமும் இதே கூத்துதான். அங்கே அம்மாவும் ஒன்றும் பேசாமல் மூச்சு விடுவாள், இங்கே இவன் கேட்டுக்கொண்டு நிற்பான். என் நேரம் வீணாகிறதே என்று எனக்கு எரிச்சல். அவனுக்கு அதற்கும் அம்மாவுக்கும் சம்பந்தம் இருப்பதே தெரியாது. அதற்கு 'போன் காத்து' என்று பேர் வைத்திருந்தான். ஞாயிறு வந்தால் "இன்னிக்கு போன் காத்து வருமா?" என்று அத்தையைக் கேட்பான்.

வருஷத்துக்கு இரண்டு முறை துணிப் பார்சல் வரும். அழகழகான சட்டைகள், ஒன்றும் சேராது. என் கவுன் கக்கத்திலேயே நின்றுவிடும். தம்பியின் சட்டையில் தலை நுழையாது. அத்தை போனில் மட்டும் "அளவெடுத்து தெச்சாப்ல கீதும்மா, நீ கவலப்படாத" என்று சொல்லிவிட்டு, துணிகளைத் தெருக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுவாள். எங்கள் வீட்டில் நான் மட்டும்தான் கதை கட்டினேன் என்று நினைக்க வேண்டாம்.

ஒருவழியாக விசா வந்தது. எங்களை அழைத்துப்போக அம்மாவே வந்தாள். டாக்ஸியிலிருந்து இறங்கியவளைப் பார்த்ததும் எனக்கே ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லை. கழுத்தோடு வெட்டிய முடி, உருண்ட கன்னம், பேன்ட், வேறு ஏதோ சோப்பு வாசனை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன், ஆனால் தம்பி அத்தையின் முந்தானைக்குள் போனவன் வெளியே வரவில்லை.

"இது அம்மா இல்ல" என்றான்.

"டேய், அம்மாதான்டா."

"ஜட எங்க? விசில் அடிக்கச் சொல்லு."

தெருவே கூடியிருந்தது. அம்மா சிரித்தபடியே, தனக்கு விசிலடிக்க வராதே என்றாள். தம்பி வழக்கு முடிந்தது என்பதைப் போல முந்தானைக்குள் திரும்பிவிட்டான். அம்மா என்னைப் பார்த்தாள். நான் டாக்ஸியைப் பார்த்தேன்.

இருந்தது பத்து நாள். அதற்குள் அவன் வழிக்கு வர வேண்டும். சாக்லேட்டைத் தின்றுவிட்டு அத்தையிடம் ஓடினான். பொம்மைக் காரை வாங்கிக்கொண்டு அத்தையிடம் ஓடினான். அம்மா தூக்கினால் ஊர் கேட்கும்படி அலறினான். மாமா பயந்துவிட்டார். "ஏர்போர்ட்ல இவன் இப்டி கத்துனான்னு வெச்சிக்கோ, புள்ள புடிக்கறவன்னு உன்ன உக்கார வெச்சிடுவானுங்க. பேஜாராயிடும்மா" என்றார். அவனை விட்டுவிட்டு என்னை மட்டும் கூட்டிப்போவது என்று கூட ஒரு பேச்சு வந்தது. அதைச் சொன்னது யாரென்று ஞாபகமில்லை. அத்தை அப்போது குழம்பைக் கிண்டுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தது மட்டும் ஞாபகமிருக்கிறது. அம்மா அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் அம்மா என்னைக் கோட்டைப் பக்கம் கூட்டிப்போனாள். "இன்னாடி சொல்லி வெச்சிகீற அவன்கிட்ட?" என்று கேட்டாள். அடி விழும் என்று நினைத்துக்கொண்டு ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜடையைக் கேட்டு அம்மா சிரித்தாள். படகு கரை திரும்பியதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அவ வேற இன்னா பண்ணுவா? சொல்லு" என்றாள். யாரோ ஒரு கொடுத்துவைத்தவளைப் பற்றிக் கேட்கிற மாதிரி இருந்தது.

ஜடையை ஒரு வாரத்தில் வளர்க்க முடியாது. விசிலையாவது கற்றுக்கொள்கிறேன் என்று அம்மா கிளம்பினாள். மாமா வாத்தியார். "நாக்க மடி. இன்னும் உள்ள. காத்த சிந்தாத" என்று அவர் சொல்லச் சொல்ல, விரலெல்லாம் எச்சிலாக அம்மா ஊதிக்கொண்டே இருந்தாள். தெருப் பொடிசுகள் சுற்றி நின்று தாங்கள் அடித்துக் காட்டினார்கள். எல்லாருக்கும் வந்தது, அம்மாவுக்கு மட்டும் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயந்தரம் வீட்டுப் படியில் உட்கார்ந்து அம்மா கடைசியாக ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. விரலை எடுத்துவிட்டாள். வாய் மட்டும் பழக்கத்தில் ஊதிக்கொண்டிருந்தது. எட்ட நின்று பார்த்துக்கொண்டிருந்த தம்பி மெல்லக் கிட்டே வந்தான். இன்னும் கிட்டே. கழுத்தைச் சாய்த்து அம்மாவின் வாய்க்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனான். பூத்தில் நிற்கிற அதே நிற்பு.

"போன் காத்து" என்றான்.

அம்மா திடுக்கிட்டு நிறுத்தினாள். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நிறுத்தாத!" என்றான். அம்மா மறுபடியும் மூச்சு விட்டாள். அவன் காதை எடுக்காமலே அவள் மடியில் ஏறி உட்கார்ந்தான். அவள் சட்டையைப் பிடித்துக்கொண்டு, தானும் புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டான். மூன்று வருஷம் நான் மாய்ந்து மாய்ந்து கட்டிய அம்மாவை அதோடு கழற்றிவிட்டான். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. அத்தை வாசல்வரை வந்தவள், சத்தமில்லாமல் உள்ளே திரும்பிப் போனாள். மறுநாள் பால் காய்ச்ச வேண்டும் என்று சொல்லி அவள் ஏர்போர்ட்டுக்கு வரவில்லை.

அங்கே போய் இறங்கியதும் அந்த டச்சு அப்பா எங்கள் இரண்டு பேரையும் குனிந்து கட்டிக்கொண்டார். வீட்டு ஜன்னலோரம் அவருடைய கல் யானை இருந்தது. தம்பி போனதும் போகாததுமாக "ஐ, பன்னி!" என்றான். என்ன சொன்னான் என்று அவர் கேட்க, அம்மா யானை என்றுதான் சொன்னான் என்றாள்.

எங்களுக்கென்று அம்மா ஒரு அறை வைத்திருந்தாள். தம்பிக்குக் கம்பி வைத்த குட்டிக் கட்டில், காலை மடக்கினால்தான் படுக்க முடியும். அலமாரியைத் திறந்தால் வரிசையாகத் துணி. பார்சலில் வந்ததைப் போலவே எல்லாம் சின்னச் சின்னது. அம்மாவுக்கு அளவே தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். விசாவுக்காக நாங்கள் எடுத்து அனுப்பிய போட்டோ, நாங்கள் வளர்ந்து நிற்கும் போட்டோ, அதே அலமாரிக் கதவில்தான் ஒட்டியிருந்தது. அது எனக்கு உறைக்கவில்லை.

அம்மா அந்தத் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தடவி, மடித்து, ஒரு பெட்டிக்குள் வைத்தாள். இதெல்லாம் யாருக்கு வாங்கினாய் என்று கேட்டேன்.

"ரெண்டு பேரு வருவாங்கன்னு வாங்கி வெச்சேன்."

"நாங்கதான் வந்துட்டோமேம்மா."

"ஆமா, வந்துட்டீங்க" என்று என் தலையைத் தடவினாள்.

அந்தப் பெட்டியை மூட நான்தான் கைகொடுத்தேன். கிணற்றடியில் தலையாட்டிய ஒரு ஏழு வயசுக்காரியும் இடுப்பில் இருந்த ஒரு ரெண்டு வயசுக்காரனும் வருவார்களென்று அவள் மூன்று வருஷம் காத்திருந்தாள். அவர்கள் வரவில்லை, இனி வரவும் மாட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.