கழல மறுத்த பின்சக்கர டிரம்

டங்... டங்... டங்... என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம். இன்றைக்குக் கேட்டாலும் எனக்குப் பல் கூசும்.

ராஜபாளையத்தில் மாரியப்பனின் மெக்கானிக் செட். தகரக் கூரை, சித்திரை வெயில். என் பழைய அம்பாசிடரைப் பின்பக்கம் தூக்கி நிறுத்திவிட்டு, நானும் அவனும் இடது சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். மாரியப்பன் என்னோடு படித்தவன். படிப்பைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்ந்தே செய்தோம்!

விஷயம் இதுதான். மறுநாள் காலையில் வண்டிக்கு எஃப்.சி. சோதனை. வாடகைக் கார் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும், அதில் தேறாவிட்டால் வண்டியை ரோட்டுக்கே எடுக்க முடியாது. வைகாசி முகூர்த்தங்களுக்கு வேறு வாக்குக் கொடுத்திருந்தேன். என் பிழைப்பே அந்த ஒரு வண்டிதான்.

ஆனால் ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை.

"ஏலே, பிரேக்க போட்ட பொறவும் வண்டி தேரு மாரி அசஞ்சு போகுதே... ஆபீசருக்குக் காட்டவா வடம் பிடிக்கவா?" என்றான் மாரியப்பன்.

உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கிற ஆயில் சீல் போய், கியர் ஆயில் பிரேக்கில் வழிகிறது என்பது அவன் கணக்கு. சீலை மாற்ற வேண்டுமானால் பிரேக் டிரம்மை, அச்சில் மாட்டியிருக்கிற ஹப்போடு சேர்த்து இழுக்க வேண்டும். இழுத்தோம். வரவில்லை.

கவ்வி இழுக்கிற புல்லரை மாட்டி, நடு போல்ட்டை நீளப் பைப் போட்டு முறுக்கி, அதன் தலையில் சம்மட்டியால் அடி. ஆக்ஸில் நட்டைப் பாதி மட்டும் தளர்த்தி விட்டுவிடுவான். முழுசாகக் கழற்றினால் டிரம் பிடுங்கிக்கொண்டு வந்து நெஞ்சில் விழும். முறுக்கு, அடி, டீ குடி, மறுபடி முறுக்கு... மூன்று மணி நேரம். புல்லரின் ஒரு கால் வளைந்ததுதான் மிச்சம்.

"இம்புட்டு வருசத்துல இப்படி ஒரு அச்ச நான் பாத்ததில்ல மாப்ள. ஒட்ட வச்ச மாரில்லா இருக்கு" என்று உட்கார்ந்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து அய்யா வந்து இறங்கினார். அப்பாவை நாங்கள் அய்யா என்றுதான் கூப்பிடுவோம். வ. புதுப்பட்டியில் முப்பது வருஷம் பார வண்டி அடித்தவர். காளைகளைக் கொடுத்துவிட்டு என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வந்திருந்தார். வண்டிக்கு என்ன ஆச்சோ என்று மனசு கேட்காமல் பஸ் ஏறி வந்துவிட்டார். சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

மாரியப்பன் கடைசியாகக் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து ஹப்பைச் சூடாக்கினான். புகை வந்தது. மறுபடி ஒரு அடி. பட்டென்று வெடி போட்ட மாதிரி சத்தம்... டிரம் விட்டுக்கொடுத்துவிட்டது.

சந்தோஷத்தில் கத்தப் போனவன், மூக்கைச் சுளித்தான். அச்சில் பழுப்பாகப் பிசின் மாதிரி ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. சுரண்டி முகர்ந்து பார்த்தான்.

"ஏலே... இது கியர் ஆயில் இல்ல. வெளக்கெண்ண!"

சீலுக்கு ஒரு குறையும் இல்லை. பிரேக் கட்டை முழுக்க விளக்கெண்ணெய் ஊறிக் கிடந்தது.

நான் முழித்தேன். அய்யா முகத்தில் அப்படி ஒரு பெருமை.

"நாந்தான் விட்டேன். வெள்ளிக்கெழம தவறாம, பின்சக்கர மூடியத் தொறந்து ரெண்டு பக்கமும் விட்டுருவேன். அச்சு காயக் கூடாதுல்லா?"

மாட்டு வண்டிக்கு விடுவது போலவே நாலு வருஷமாக விட்டிருக்கிறார். முன்சக்கரத்தை மட்டும் தொடவில்லை. அவர் வண்டிக்கு ஏது முன்சக்கரம்!

இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை. மூன்று மணி நேர வெயில், மறுநாள் பயம் எல்லாம் சேர்ந்து தலைக்கு ஏறிவிட்டது.

"ஒங்கள ஆரு விடச் சொன்னா? இது என்ன மாட்டு வண்டியா? என் பொழப்புல மண்ணள்ளிப் போடவா இங்க வந்திய?"

செட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அய்யா எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"நான் பஸ்ல போறேன்" என்றார். அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்த பிறகு வலது சக்கரம் அரை மணி நேரத்தில் கழன்றது. கட்டைகளை மாற்றினோம். மறுநாள் எஃப்.சி.யும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து அய்யாவிடம் சொன்னேன்.

"நல்லா ஓடுதா?" என்றார்.

"ஓடுதுய்யா."

அதற்குப் பிறகு என் வண்டியில் அவர் எத்தனையோ தடவை ஏறினார். சக்கரத்தை மட்டும் தொடவே இல்லை. வெள்ளிக்கிழமை காலையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். பிறகு உள்ளே போய்விடுவார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். மன்னிப்பு கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை.

அய்யா போய் வருஷங்கள் ஆகின்றன. இப்போது என்னிடம் இருக்கிற காரில் எந்த மூடியையும் நான் திறந்ததில்லை. சர்வீஸ் நாள் வந்தால் போனில் மெசேஜ் வருகிறது. வண்டியை விட்டுவிட்டு ஏசி ரூமில் காபி குடித்தால், கழுவித் துடைத்துக் கையில் சாவியைக் கொடுக்கிறார்கள். ஒரு குறையும் இல்லை, நிஜமாகவே நல்ல வண்டி.

ஆனால் ஒன்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. அந்த அம்பாசிடரின் பின்கதவுக் கீல், திறக்கும்போதெல்லாம் கிறீச்சென்று கத்தும். "அய்யா, அச்சுக்கு வேண்டாம், இதுக்கு ரெண்டு சொட்டு விடுங்க" என்று ஒரு வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம். ஓடி வந்து விட்டிருப்பார்.

சொல்லவில்லை. வண்டியை விற்கிற நாள் வரைக்கும் அந்தக் கதவு கத்திக்கொண்டேதான் இருந்தது.