அம்மா உட்கார்ந்திருந்த நாற்காலி

இங்கே ஞாயிற்றுக்கிழமை சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஜெர்மனிக்கு வந்த மூன்றாம் வருடம்தான் இதைக் கற்றேன். முதல் அடி விழுந்ததுமே கீழ்வீட்டுப் பெண்மணி வந்து கதவைத் தட்டினார். "சோன்டாக்," என்றார். ஞாயிறு என்று பொருள், குற்றச்சாட்டும் அதுவே. பிறகு, தரையில் சாத்தியிருந்த ஓவியத்தைக் கண்டு முகம் இளகினார். இது யார், வரைந்தது யார் என்று கேட்டார். என் அம்மா, வரைந்தது அப்பா என்றேன். எவ்வளவு நேசம் இருந்தால் ஒரு மனிதர் இப்படி வரைவார் என்று நெஞ்சில் கைவைத்துச் சொன்னார். அதை மறுக்குமளவு ஜெர்மன் எனக்கு வராது. தமிழிலும் வராது என்பது அவர் போன பிறகு புரிந்தது.

அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் ஊர் நகரியிலிருந்து பஸ் ஏறிப் போய், திருச்சானூர்க் கோயில் கடைகளுக்குத் தாயார் படம் வரைந்து கொடுப்பவர். எல்லாத் தாயாருக்கும் என் அம்மாவின் முகம்தான்: சற்றே தூக்கிய இடப்புருவம், சின்ன மோவாய். "யோவ், உன் வூட்டுக்காரியத்தான் அம்மவாருன்னு கும்புட்டுக்கினு போறாங்க ஜனங்க," என்று கடைக்காரர் கேலி செய்தால் வெட்கத்தோடு சிரிப்பார். வீட்டில் அவர் அம்மாவிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை. "உங்கம்மாவ சோறு எட்த்தாரச் சொல்லு," என்பார் என்னிடம். அம்மா இரண்டடி தள்ளித்தான் நின்றிருப்பாள்.

போன விடுமுறைக்கு ஊர் போனபோது அம்மாவுக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. தலையில் ஒரு முடி இல்லை. நான் கேமரா லென்ஸ்களைச் சோதிக்கும் வேலையில் இருப்பவள். பட்டியல் போடாமல் எதையும் தொடங்க மாட்டேன். ஒன்று, பின்கதவருகே வெளிச்சம். இரண்டு, கைவைத்த நாற்காலி. மூன்று, மாலை நாலு மணி. நான்காவதை எழுதவில்லை: ஒரு முறையாவது நைனா அம்மாவை நிமிர்ந்து பார்க்க வேண்டும்.

"நைனா, அம்மாவ உக்காரவெச்சி ஒரு படம் வரைஞ்சி குடு. நான் எட்த்துக்கினு போறேன்."

தலையாட்டினார். அம்மா அரக்குச் சேலை கட்டி, "மொட்டத்தலதான, உங்க நைனாவுக்குக் கறுப்புப் பெயிண்டு மிச்சம்," என்று சிரித்தபடி உட்கார்ந்தாள்.

நைனா வரவில்லை. முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு மூன்று நாள் வரைந்தார். மூன்று நாளும் நாலு மணிக்கு அம்மா சேலை மாற்றி வந்து உட்கார்ந்தாள். இருட்டும்போது எழுந்து போனாள். அவர் வெளியே கொண்டுவந்த படத்தில் இருந்தவளுக்கு இருபது வயது, இடுப்புவரை பின்னல்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் கீது. இந்தப் பொண்ணு யாருன்னு உங்க நைனாவ கேளு."

"அவதான். கண்ண மூடுனா வருது. எதிர்ல குந்தவெச்சி வேற பாக்கணுமா?" என்றார், என்னிடம்.

கலைஞனின் மனம் ஆழமானது என்பார்கள். இருக்கலாம். அந்த ஆழத்தில் அம்மாவுக்கு ஒரு நாற்காலி போட இடமில்லை. சிகிச்சை பாதியில் இருக்க, அந்தப் படத்தைப் பார்சல் கட்டிக்கொண்டு விமானம் ஏறியவள் நான். அதனால் இதை அவரைப் பற்றி மட்டும் எழுத முடியவில்லை.

திங்கட்கிழமை ஆணி அடித்தேன். அம்மா தலையில் துண்டோடு வீடியோவில் வந்தாள்.

"மாட்டிட்டியா? எப்டி கீது அது?"

"நல்லா கீதும்மா."

"அதயே பாத்துக்கினு இரு. அதுக்கு ஒடம்பு நல்லா கீது." பிறகு கண்ணைச் சுருக்கினாள். "கொஞ்சம் நவுரு. நீ மறைக்கிற."

போனை மேசையில் சாய்த்துவைத்துவிட்டு நகர்ந்தேன். அம்மாவும் படத்திலிருந்தவளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருவர் கண்ணிலும் படாமல் நான் சுவரோரமாக நின்றேன்.