பன்னிரண்டு கிணறுகளும் ஒரு குப்பித் தண்ணீரும்

நாமக்கல் மலையை ஒரு முறை பார்த்தவனுக்கு இந்தச் சீமையின் அடியில் என்ன இருக்கிறது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மேலே நிற்பது ஒரே கல். கீழே படுத்திருப்பதும் அதே மாதிரிக் கல்தான், ராசிபுரம் வரைக்கும், அதற்கு அப்பாலும். பூமிக்குள் எண்ணெய் தங்க வேண்டுமானால் மணற்கல் வேண்டும், களிமண் இறுகிய கல் வேண்டும், என்றோ ஒரு கடல் படிய விட்டுப்போன அடுக்குகள் வேண்டும். இங்கே அப்படி ஒன்றும் கிடையாது. கல்லூரியில் முதல் வருடமே இதைப் படித்துவிட்டேன். படித்த படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன கிழித்தேன் என்பதைத்தான் இப்போது எழுதுகிறேன். எழுதும்போதே கோபம் வருகிறது. வரட்டும்.

முப்பதுகளின் நடுவில் சேலத்தில் சில பெரிய மனிதர்கள் சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே ஒரு தோட்டத்துக் கிணற்றில் எண்ணெய் மிதக்கிறது என்று யாரோ அவர்களிடம் சொல்லியிருந்தார்கள். பர்மாவின் எண்ணெய் வயல்களில் சில வருடங்கள் வேலை பார்த்துத் திரும்பிய ஒருவரை மானேஜராக வைத்தார்கள். அவர் அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்து வைத்திருந்தார். யார் வந்தாலும் அதை வெயிலில் தூக்கிக் காட்டுவார். மேலே மஞ்சளாக ஒரு படலம் நிற்கும். பார்த்தவர்களுக்கு அடுத்த கேள்வியே வராது. நான் அவருக்கு உதவியாளன். எங்கள் நெசவுக் குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான் என்பதால், அப்பாவுக்கு என் வேலை கலெக்டர் உத்தியோகத்துக்குச் சமம்.

சுற்று வட்டாரக் கிணறுகளை அளந்து வருவது என் பொறுப்பு. முடிச்சுப் போட்ட கயிற்றோடு படியிறங்கி, எத்தனை அடி செம்மண், எத்தனை அடி சுக்கான் கல், எங்கே பாறை ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள்வேன். பன்னிரண்டு கிணறுகள் இறங்கினேன். கணக்கையெல்லாம் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து, மண்ணை மண்ணோடும் பாறையைப் பாறையோடும் கோடு போட்டு இணைத்தேன். பூமியைக் கத்தியால் வெட்டிப் பார்த்தால் எப்படித் தெரியுமோ அப்படி ஒரு படம் கிடைத்தது. செம்மண், சுக்கான், உளுத்த பாறை, பிறகு கடும்பாறை. பன்னிரண்டிலும் இதே வரிசை. பதின்மூன்றாவது கிணறு இறங்க வேண்டிய அவசியமே இல்லை.

அந்தப் பன்னிரண்டில் ஒன்றான, எண்ணெய்க் கிணறு என்று பெயர் வாங்கிய கிணறு, கணவனை இழந்த ஒரு அக்காவுடையது. நாற்பது வயதிருக்கும். இரண்டு மாடுகளைப் பூட்டிக் கவலை ஏற்றத்தைத் தானே ஓட்டித் தண்ணீர் இறைத்து, ராகியும் வெங்காயமும் போட்டுப் பிழைத்து வந்தவர். மானேஜர் நீட்டிய பத்திரத்தில், தண்ணீரைச் சோதனைக்கு எடுக்க அனுமதி என்று நினைத்துக் கைநாட்டு வைத்துவிட்டார். பத்திரத்தில் இருந்ததோ வேறு: சோதனை முடியும்வரை கிணற்றில் யாரும் இறைக்கக் கூடாது, கம்பெனி கிணற்றை எப்படியும் வெட்டிக்கொள்ளலாம். கவலை மேட்டில் குறுக்கே இரண்டு மூங்கிலைக் கட்டிவிட்டார்கள். ராகி நாற்றை அப்போதுதான் நட்டிருந்தார். மாட்டுக்குக் குடிதண்ணீர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து குடத்தில் வந்தது. பயிருக்கு யார் குடத்தில் கொண்டுவந்து ஊற்றுவார்கள்?

அவர் கிணற்றை அளக்கப் போன அன்று என்னோடு பேச்சுக் கொடுத்தார்.

"ஏனுங் சாமி, எண்ணெ இருக்குது எண்ணெ இருக்குதுங்கறாரே உங்க மானேசரு, அவரு வந்து தண்ணி மோந்துக்கிட்டுப் போனது என்னைக்குன்னு தெரியுமுங்களா? பறிக்கு நான் புங்கெண்ண போட்ட மக்யா நாளுங்க."

மக்யா நாள் என்றால் மறுநாள்; பறி என்றால் கவலையில் கட்டித் தண்ணீர் மொள்ளும் தோல் பை. வெயிலில் காய்ந்தால் தோல் வெடித்துவிடும். அதனால் இந்தப் பக்கத்தில் கவலை ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அதற்குப் புங்க எண்ணெய் தடவி ஊற வைப்பார்கள். மறுநாள் பறி கிணற்றுக்குள் இறங்கியதும் கொஞ்சம் எண்ணெய் பிரிந்து தண்ணீரில் மிதக்கும். ஊரில் சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். கடல் தாண்டிப் போய் வேலை பார்த்து வந்தவருக்குத் தெரியவில்லை.

"இத அவருகிட்டச் சொன்னீங்களாக்கா?"

"சொன்னனுங்க. உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரும்மான்னுட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். அன்று சிரித்ததை நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆபீசுக்குத் திரும்பியதும் மானேஜரிடம் சொன்னேன். குப்பியைத் திறந்து மூக்கருகில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். புங்கத்தின் கசப்பு வாடை அறை முழுக்க வந்தது. அவர் மூடியைத் திருகினார்.

"தோட்டக்காரி பேச்சைக் கேட்டு ரிப்போர்ட் எழுதச் சொல்கிறாயா, தம்பி?"

"சென்னைக்கு அனுப்பிச் சோதித்துவிடலாம் சார்."

சரி என்றார். பதில் வர நாளாகும் என்று அவருக்குத் தெரியும்.

அந்த இடைவெளியில் அவர் மதிப்பீடு எழுதினார். இன்னும் எடுக்காத எண்ணெய் எவ்வளவு என்று சொல்ல மூன்று எண்கள் வேண்டும். நிலத்தின் பரப்பு, எண்ணெய் தங்கும் அடுக்கின் கனம், அந்தக் கல்லுக்குள் எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்ற விகிதம். மூன்றையும் பெருக்க வேண்டும். பரப்பைப் பத்திரத்திலிருந்து எடுத்தார். மற்ற இரண்டையும் பர்மாவிலிருந்து கொண்டுவந்த நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தார்.

"நம் கிணறுகளில் அந்த அடுக்கே இல்லையே சார்?"

"நீ பார்த்தது வரைக்கும் இல்லை. அதற்குக் கீழே நீ பார்த்தாயா? தோண்டாத இடத்துக்குத்தானே தம்பி மதிப்பீடு."

பெருக்கலில் ஒரு தப்பும் இல்லை, நானே இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த மூன்று எண்களில் ஒன்றுதான் இந்த ஜில்லாவைச் சேர்ந்தது என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை. என் படத்தையும் அறிக்கையோடு இணைத்தார். கடும்பாறைக்குக் கீழே ஒரு புள்ளிக்கோடு போட்டு, அதற்கும் கீழே எண்ணெய் அடுக்கு என்று அழகாகச் சாய்கோடுகள் வரைந்திருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் என் கையெழுத்து இருந்தது. நேர்மையான படத்துக்கு நான் போட்ட கையெழுத்து. அதை அடித்துவிடச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சென்னையிலிருந்து கடிதம் வந்தது. தபால் பிரிப்பதும் என் வேலை என்பதால் முதலில் படித்தவன் நான். குப்பியில் இருப்பது தாவர எண்ணெய், பூமி எண்ணெயின் சுவடே இல்லை என்று இரண்டே வரி. கையில் எடுத்துக்கொண்டு மானேஜர் அறைக்கு ஓடினேன். அவர் நிதானமாகப் படித்து, மேஜை இழுப்பறையில் போட்டு மூடினார்.

"இரண்டு வாரம் பொறு. பங்கு விற்பனை முடியட்டும். அரசாங்கத்தில் நில ஆய்வு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். உனக்கு நானே சிபாரிசு எழுதித் தருகிறேன்."

எனக்கு அந்த வேலை வேண்டும். அதற்காகவே கல்லூரிக்குப் போனவன் நான். வாயை மூடிக்கொண்டேன். யாரும் என்னை மிரட்டவில்லை, கட்டிப் போடவில்லை. இரண்டு வாரம்தானே, ராகி தாங்கிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மழையில்லாத அந்த மாதத்தில் எந்த ராகி தாங்கும் என்று நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு என்ன தெரியும்.

பதினோராவது நாள், பங்கு வாங்கியவர்கள் சிலர் கிணற்றைப் பார்க்க வந்தார்கள். வேலை நடக்கிறது என்று அவர்களுக்குக் காட்ட வேண்டும். துளை போடும் எந்திரம் வரும்வரை கிணற்றையே ஆழப்படுத்துவோம் என்று மானேஜர் வெடி வைக்கச் சொன்னார். கிணறு வெட்டுகிறவர் கீழேயிருந்து கத்தினார்.

"கெழக்கு மூலைல வேண்டாமுங்க! ஊத்துக் கண்ணு அங்கதானுங்க இருக்குது!"

கிழக்கு மூலையில்தான் எண்ணெய் அதிகமாக மிதந்தது என்றார் மானேஜர். மிதக்காமல் என்ன செய்யும்? பறி இறங்குகிற மூலை அதுதானே. நான் பக்கத்தில்தான் நின்றேன். இப்போதாவது சொல்லியிருக்கலாம், வந்திருந்த அத்தனை பேர் முன்னாலும். சொல்லவில்லை. மூன்று வெடிகள் வைத்தார்கள். புகை அடங்கியதும் வந்தவர்கள் கைதட்டினார்கள்.

இந்தப் பாறையில் தண்ணீர் எங்கும் பரவிக் கிடப்பதில்லை. ஏதோ ஒரு வெடிப்பின் வழியாக வரும். அந்த வெடிப்பைக் கலைத்தால் வேறு பக்கம் போய்விடும். மறுநாள் கிணற்றில் முழங்கால் அளவு தண்ணீர் இருந்தது. அதற்கு மறுநாள் சேறு.

அதன் பிறகுதான் எனக்கு ரோஷம் வந்தது. இழுப்பறையைத் திறந்து கடிதத்தை எடுத்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறினேன். இதை வைத்து வழக்குப் போடலாம், பத்திரத்தை உடைக்கலாம், நானே சாட்சி சொல்கிறேன் என்றெல்லாம் வழியெங்கும் மனதுக்குள் வீரமாகப் பேசிக்கொண்டே போனேன். அக்கா காய்ந்த ராகியை மாட்டுக்கு அறுத்துக்கொண்டிருந்தார். கடிதத்தைத் தமிழில் சொல்லி, அவர் சொன்னதுதான் உண்மை, புங்க எண்ணெய்தான் என்று எழுத்திலேயே வந்துவிட்டது என்றேன். என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும்.

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். தாளை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் காயிதம் என்னைக்குங் சாமி வந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். தபால் முத்திரையை அவரால் படிக்க முடியாது.

"வெடி வெக்கறதுக்குப் பதினோரு நாளு முந்தியே வந்துருச்சுங்கக்கா."

"நீங்க அப்பவே படிச்சுட்டீங்களா?"

"படிச்சுட்டனுங்க."

அவர் தாளை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியிருந்த ராகியை அறுக்கக் குனிந்தார்.