விளக்கு எரியாத அடி

இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு வருடம், பெங்களூரில் நடந்த வாள்வீச்சுப் போட்டியின் அரையிறுதியில் எனக்கு எதிரே நின்றவர் கோலார் தங்கவயல் பக்கத்துப் போலீஸ்காரர். பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. குட்டையான, கெட்டியான உடம்பு, நரைக்கத் தொடங்கிய மீசை. அடி வாங்கினால் சரிதான் என்பதுபோல் ஒருமுறை தலையசைப்பார்.

நாங்கள் ஆடியது சேபர் என்னும் வெட்டுவாள் வகை. உலோக இழை நெய்த சட்டையிலோ தலைக்கவசத்திலோ எதிராளியின் வாள் பட்டால் மின்சாரம் பாய்ந்து, மேசைமேல் இருக்கும் பெட்டியில் விளக்கு எரியும். எரிந்தால்தான் புள்ளி.

இருவரும் சமமாக இருந்தோம். அடுத்த புள்ளி எடுப்பவர் இறுதிக்குப் போவார். நான் பாய்ந்து அவர் தலையில் ஓங்கிப் போட்டேன். சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. விளக்கு எரியவில்லை.

அவரே கவசத்தைக் கழற்றிப் பார்த்தார். அதைச் சட்டையோடு இணைக்கும் ஒயரின் கிளிப் கழன்று தொங்கியது.

"அடி பட்டுச்சு சார்," என்றார் நடுவரிடம்.

"லைட் வரலையே."

"எனக்கு வலி வந்துச்சு சார்."

விதியில் வலிக்கு இடமில்லை என்று நடுவர் மறுத்துவிட்டார். போலீஸ்காரர் கிளிப்பை மாட்டிக்கொண்டார். ஆட்டம் மறுபடி தொடங்கியதும் என் விலாவில் ஒரே வெட்டு. விளக்கு பளிச்சென்று எரிந்தது.

கைகுலுக்கும்போது கேட்டேன். "பட்டுச்சுன்னு நீங்களேதானேண்ணா சொன்னீங்க?"

"பட்டத பட்டுச்சுன்னு சொன்னேன். அதுக்காக அடுத்ததுல சும்மா நிக்கணுமா தம்பி?"

கேலியாகக் கேட்கவில்லை. பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வேண்டாம் என்றுதான் சொன்னேன். தொம்மலூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும், அவர் சும்மா நின்றிருக்கலாமே என்று தோன்றியது. இன்றுவரை மாறி மாறித்தான் தோன்றுகிறது.