சுத்துது அண்ணி

அந்த போட்டோ ஸ்டுடியோவின் பின்னறையில் பதினாறு வருடம் உட்கார்ந்தவளுக்குத் தெருவே வைத்த பெயர் ‘சுத்துது அண்ணி’. முன்னால் கவுண்டர், நடுவில் விளக்கும் திரையும் உள்ள அறை, பின்னால் ஜன்னலே இல்லாத ஒரு பொந்து. பொந்தில் அவளும் கம்ப்யூட்டரும். “படம் ஆச்சா அண்ணி?” என்று யார் குரல் கொடுத்தாலும் ஒரே பதில்தான்: “சுத்துது.” திரையில் அந்தச் சின்ன வட்டம் இன்னும் சுற்றுகிறது, பொறு என்று அர்த்தம். பாதி நாள் அது நிஜம். மீதி நாள் அண்ணிக்குக் கண் எரிகிறது, டீ குடிக்கிறாள் என்று அர்த்தம்.

கடையைத் தொடங்கியவன் அவள் புருஷன். அவன் போன பிறகு கொழுந்தன் கைக்குக் கடை வந்தது. வந்த அன்றே சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் அவன் ஒரு வார்த்தை சொன்னான்: “பின் ரூம் உங்களோடது அண்ணி. அங்க ஒரு வயரை மாத்தணும்னாலும் உங்களைக் கேக்காம மாத்த மாட்டேன்.” அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலம் ஓடியது. வேறு என்ன இருந்தது? பிள்ளை குட்டி இல்லை. இருப்பது கொழுந்தன் வீடு, சாப்பாடு ஓரகத்தி கையால். அந்த நாற்காலி ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது.

படம் திருத்துகிற சாஃப்ட்வேரோ படுகிழம். வருடா வருடம் புதுசு வரும், கொழுந்தனும் வருடா வருடம் கேட்பான்.

“மாத்திடலாமா அண்ணி?”

“இப்ப என்ன குடி முழுகிப் போச்சு? ஓடற வரைக்கும் ஓடட்டும்.”

அது எங்கே ஓடியது, அவளல்லவா ஓட்டினாள்! ஒரு நேரத்தில் ஒரு படத்தைத்தான் திறப்பாள். இன்டர்நெட்டா, பாட்டா, மூச்! காலையில் வந்ததும் டிஸ்க்கில் கிடக்கிற குப்பையைக் கூட்டித் தள்ளுவாள், பத்துப் படத்துக்கு ஒரு தடவை மூடித் திறப்பாள். இத்தனைக்கும் நடுவில் முகம் முகமாகக் கையால் திருத்துவாள். பருவை எடுப்பாள், மச்சத்தைத் தொடமாட்டாள். “பரு வரும் போகும். மச்சம் ஆளோட அடையாளம்டி, அதுல கை வெக்கக் கூடாது” என்று கவுண்டரில் இருக்கும் ஓரகத்திக்குப் பாடம் நடத்துவாள். ஓரகத்தி “ஆமாக்கா” என்பாள். காதில் வாங்கினால்தானே.

அப்புறம் கொழுந்தன் புதுக் கேமரா வாங்கினான். அதில் எடுத்த படம் ஒன்றையும் பழைய சாஃப்ட்வேர் திறக்கவே மாட்டேன் என்றது. இனி தள்ளிப்போட வழியில்லை.

“சரி தம்பி, மாத்து” என்றாள்.

அதோடு சும்மா இருந்திருக்கலாம். புதுசு போட்ட அன்றைக்கே பழைய கம்ப்யூட்டர் பெட்டி பாரம் தாங்காமல் திணறியது. கவுண்டரில் ஓரகத்தி யாரிடமோ, “எங்கக்கா கிட்ட எது போனாலும் சுத்தத்தான் செய்யும்” என்று சொல்லிச் சிரித்தது உள்ளே வரை கேட்டது. சுருக்கென்றது அண்ணிக்கு. வந்துவிட்டது பாருங்கள் ரோஷம்!

மெமரியை இரண்டு மடங்காக்கச் சொன்னாள். சாஃப்ட்வேர் வேலை செய்ய வேகமான டிஸ்க் ஒன்றைத் தனியாகப் போட வைத்தாள். வேண்டாத எழுத்துருக்களை எல்லாம் தூக்கினாள். அதற்குமேல் பொத்தான்கள். வழக்கமாகச் செய்கிற வேலையை ஒரு தடவை செய்து பதிந்து வைத்தால், மறுபடி ஒரு பொத்தானில் முடிந்துவிடும். ஒன்று முகத்தைத் துடைக்கும், இன்னொன்று பின்னணியை வெள்ளையாக்கும், மூன்றாவது பாஸ்போர்ட் அளவுக்கு வெட்டும். முகம் துடைக்கிற பொத்தானுக்குப் பரு எது, மச்சம் எது என்று தெரியாது, எல்லாவற்றையும் வழித்துவிடும். மச்சத்தை மட்டும் அண்ணி பிறகு கையால் திருப்பி வைப்பாள்.

ஓரகத்தியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினாள். “பாருடி, கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள! இனிமே எவனாவது சுத்துதுன்னு சொல்லட்டும்.”

“அட, இவ்ளோதானாக்கா?” என்றாள் ஓரகத்தி. பாராட்டு என்று நினைத்துப் பூரித்துப் போனாள் அண்ணி. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

ஒரே மாதம். பெட்டி கவுண்டருக்குப் போனது, கூடவே நாற்காலியும்.

“கஸ்டமர் கண்ணு முன்னாடியே முடிச்சுக் குடுத்துடலாம் அண்ணி. நீங்க எவ்ளோ நாள்தான் அந்தப் பொந்துல கஷ்டப்படுவீங்க? வீட்டுல ரெஸ்ட் எடுங்க.”

“என்னைக் கேக்காம ஒரு வயரைக்கூட மாத்த மாட்டேன்னியே தம்பி?”

கொழுந்தன் நிஜமாகவே முழித்தான். “நீங்கதானே அண்ணி மாத்துன்னு சொன்னீங்க?”

மாத்து என்று சொன்னது அவள் வாய்தானே. யாரைத் திட்டுவது?

நாலு மாதம் கழித்து அடையாள அட்டையைப் புதுப்பிக்க வேண்டி வந்தது. நம் கடை இருக்கும்போது வேறெங்கே போவது என்று வந்து நின்றாள். கொழுந்தன் எடுத்தான், ஓரகத்தி மூன்று பொத்தானைத் தட்டினாள், படம் வந்தது. பார்க்கப் பிடிக்காமல் அண்ணி உறையோடு பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆபீஸ் கிளார்க் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். “பழைய அட்டையில அடையாளம், இடது கன்னத்துல மச்சம்னு போட்டிருக்கு. படத்துல இல்லையே? இதை நீங்கன்னு நான் எப்படிம்மா எடுத்துக்கறது? வேற படம் கொண்டாங்க.”

வாங்கிப் பார்த்தாள். கன்னம் வழவழவென்று இருந்தது. அவள் போட்ட பொத்தான்தான்.

நேரே கடைக்கு வந்தாள். “கொஞ்சம் எந்திரிடி. மச்சம் போயிடுச்சு. ரெண்டு நிமிஷம், நானே வெச்சுக்கறேன்.”

கவுண்டரில் வேறு யாரும் இல்லை. ஓரகத்தி நாற்காலியை விட்டு அசையவில்லை, திரையிலிருந்து முகத்தையும் எடுக்கவில்லை.

“அந்த பெஞ்சுல உக்காருங்கக்கா. சுத்துது.”

அண்ணி போய் வாடிக்கையாளர் பெஞ்சில் உட்கார்ந்தாள். அந்தப் பெட்டி சுத்தாது என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்தக் கடையில் யாரும் இல்லை.